எறும்பு மொய்த்த பாட்டில்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது முதலில் விசாரிப்பது வயிற்றைத்தான். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். சாப்பிட்டது செரித்ததா, நெஞ்சைக் கரிக்கிறதா, காலையில் போயிற்றா என்று கேட்க நாம் யாரும் கூச்சப்படுவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்கிற நானே இதற்குக் கூச்சப்படுவதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இதை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் என் மருமகள் ஒரு அட்டைப் பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே நூல் கட்டிய சின்னச் சின்னப் பைகள். வெந்நீரில் முக்கி எடுத்தால் போதுமாம்.

"மூலிகை டீ அத்த. வயித்துக்கு நல்லதாம். குட்ச்சிப் பாரு."

டம்ளரில் பையை முக்கினேன். ஆவி மூக்கில் ஏறியது. ஓமம். ஒரு வாய் குடிப்பதற்கு முன்னாலேயே எனக்கு வயசு பத்தாகிவிட்டது. உங்களுக்கெல்லாம் ஓமத்தின் வாடை என்றால் குழந்தைக்குக் கொடுக்கிற ஓமத் தண்ணீர் நினைவுக்கு வரும். எனக்கு வருவது சாராயம். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது நாங்கள் கல்மண்டபத்தில், கடல் பக்கமாகப் போகிற ஒரு சந்தில் இருந்தோம். ஓட்டு வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டுக்கும் மேஸ்திரி வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்தே இருக்கும். அங்கே மிளகாய் தாளித்தால் இங்கே தும்முவோம். இங்கே குழந்தை அழுதால் அங்கிருந்து "ஆராரோ" கேட்கும்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மேஸ்திரி அந்தக் கூலிக்காரர் கேங்குக்குத் தலைவர். காலையில் துறைமுகக் கேட்டுக்கு வெளியே நின்று, நீ வா, நீ வா என்று விரல் நீட்டி ஆள் எடுப்பார். அந்த விரல் நம் பக்கம் நீளவில்லை என்றால் அன்றைக்கு உலை வைப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

சாராயக் கடைகள் புதிதாகத் திறந்திருந்த சமயம் அது. எங்கள் மாதா கோயிலில் பங்குச் சாமியார் பிரசங்கம் வைத்தாலே குடியில்தான் போய் முடியும். அந்த வருஷத்து மழைக்காலத்தில்தான் என் அப்பா குடிகாரர் ஆனார். ஆனார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்பாவிடம் ஒரு தட்டை பாட்டில் இருந்தது. ஏதோ கப்பலில் வந்து, பழைய சாமான் கடையில் கிடந்து, அவர் கைக்கு வந்தது. பச்சைக் கண்ணாடி. முன்பக்கம் ஒரு பாய்மரக் கப்பல் புடைப்பாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் பாய் ஒரு விரலுக்கும் கொடி ஒரு விரலுக்கும் அகப்படும். பின்பக்கம் இலேசாக வளைந்து இடுப்பில் ஒட்டிக்கொள்ளும். அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டுதான் வேலைக்குப் போவார். நடுநடுவே மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வருவாராம்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்டாள்: "உங்க நைனா இடுப்புல கப்பல் கட்டிகினு கீறாராமே! அதுல ஏறி எந்த ஊருக்குப் போவாரு?"

வகுப்பே சிரித்தது. நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலமானால் அம்மா ஆரம்பிப்பாள். "குட்ச்சி குட்ச்சி இந்த வூட்ட அழிச்சிட்டியேய்யா! புள்ளைங்க வாயில மண்ணப் போட்டுட்டு அந்தக் கண்றாவிய ஊத்திக்கினு வந்து நிக்கிறியே!" குழாயடியில் குடம் வைத்திருக்கும் பெண்கள் எல்லாம் உச்சுக் கொட்டுவார்கள்.

எனக்கு ஒன்று புரியவில்லை. அடுத்த சந்தில் ஒரு குடிகாரர் இருந்தார். துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் மிஷின் ஓட்டுகிறவர். அவர் குடித்தால் பாடுவார், சாக்கடையில் விழுவார், எழுந்து போய்ப் பெண்டாட்டியை அடிப்பார். என் அப்பா குடித்தால் சுவரில் சாய்ந்து முழங்காலை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பாட்டு இல்லை. அடி இல்லை. இது என்ன மாதிரியான குடி என்று எனக்குள் ஒரு குடைச்சல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா குளிக்கப் போனபோது பாட்டில் ஆணியில் தொங்கின சட்டைக்குக் கீழே இருந்தது. அடைப்புத் துணியைப் பிடுங்கி முகர்ந்தேன். ஓமம். ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். நாக்கிலிருந்து தொண்டை வரைக்கும் கொள்ளிக்கட்டையை இழுத்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர். அது அடங்கின பிறகு, பின்னாலேயே ஒரு தித்திப்பு வந்தது. கருப்பட்டித் தித்திப்பு.

போதை வரும் என்று காத்திருந்தேன். சுவரோரமாக ஒற்றைக் காலில் நின்று, ஆடுகிறேனா என்று பார்த்தேன். ஆடவில்லை. இன்னொரு காலிலும் நின்று பார்த்தேன். பசிதான் எடுத்தது.

ஓமம் எதற்கு என்று குழாயடியில் மேஸ்திரியின் மனைவியே பதில் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, ஊருக்குச் சொன்னாள். "ஓம வாட வருதுன்னா இன்னா அர்த்தம்? சாராய நாத்தம் தெரியக்கூடாதுன்னு ஓமத்த மென்னுகினு வர்றான். எங்க வூட்டு ஆளு செய்யாத வேலையா? எனக்கேவா?" அதைக் கேட்டு, சாராயம் என்பது காரமும் தித்திப்புமாக ஓம வாடையோடு இருக்கும் என்று நான் தீர்மானம் செய்துகொண்டேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அடைமழை. வெளியே போக வழியில்லாமல் அடுப்பங்கரை மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா நனைந்துகொண்டு வந்தார். அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். நான் முதல்முறையாக அவள் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதில் கோபமே இல்லை. வாய் மட்டும் சுவருக்கு மேலே திறந்திருந்த சந்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. கை இரண்டும் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கின, வாயில் துணி கட்டி வடிகட்டின, பச்சைப் பாட்டிலில் சொட்டுச் சிந்தாமல் ஊற்றின.

"நாசமாப் போறவனே! ஒனக்கெல்லாம் சோறு ஒரு கேடா!" என்று கத்திவிட்டு, அதே மூச்சில் தாழ்ந்த குரலில், "சூடு ஆறட்டும்யா, அப்பால மூடு. கொஞ்சம் கஞ்சி குடிக்கிறியா?" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அப்புறம் என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு காதோடு சொன்னாள்.

அந்த கேங்கில் முன்பு ஒருவருக்கு அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் போட்ட பலகையில் மூட்டையோடு நடக்கும்போது பிடித்துக்கொண்டது. மடங்கி உட்கார்ந்தார். மூட்டை தண்ணீரில் போயிற்று, பின்னால் வந்தவர்களும் விழப் பார்த்தார்கள். அதிலிருந்து வயிற்று நோவு உள்ளவனை கேங்கில் வைப்பதில்லை என்று மேஸ்திரி தீர்த்துச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அந்த நோவு வந்த அன்றைக்கு அவர் மூட்டைகளுக்கு நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேஸ்திரி எதிரே வந்து நின்று என்ன என்று கேட்டிருக்கிறார். வாயில் வந்ததை அப்பா சொல்லியிருக்கிறார்: "நேத்து தண்ணி ரவ ஜாஸ்தியா பூட்ச்சி மேஸ்திரி." மேஸ்திரி சிரித்து முதுகில் தட்டி, போய் மோர் குடித்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார்.

"குடிகாரன்னா சிரிப்பான், பாப்பா. வயித்து நோவுன்னா வேலைய உட்டு தொரத்திடுவான்," என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த வரிசையில மேஸ்திரிக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் நிப்பான். மேஸ்திரி வூட்டம்மா எதுனா கேட்டா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கோ. அது போதும்."

அதில் எனக்குச் சிரமமே இல்லை. என் மூஞ்சி எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் அம்மா தனக்கு வாய்வு என்று சொல்லித்தான் சாமான் வாங்குவாள். ஓமம், சுக்கு, மிளகு, திப்பிலி. இடித்துப் போட்டு, தண்ணீர் கால் பாகமாகச் சுண்டும் வரைக்கும் கொதிக்கவிட்டு, கருப்பட்டி தட்டிப் போடுவாள். அப்பாவுக்கு நோவு குறையாவிட்டால் மிளகைக் கூட்டுவாள். இன்னும் குறையாவிட்டால் இன்னும் கூட்டுவாள். அப்பாவும் காலையில் வெறும் வயிற்றில் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டுப் போவார். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டிக்கொண்டு போயிற்று. "குடி ஆள உருக்குது பாரு," என்றார்கள் குழாயடியில்.

மேஸ்திரியின் மனைவி கெட்டவள் இல்லை. அதுதான் சிக்கலாகப் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு நாள் சாமியாரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கறுப்புக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு அவர் உள்ளே குனிந்து வந்தார்.

"தோத்திரம் சாமி," என்று அப்பா எழுந்தார்.

"குடியை விட்டுடணும்னு மனசுல இருக்காப்பா?"

அப்பா லுங்கி முனையைத் திருகிக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா மேஸ்திரியிடம் பொய் சொல்வார், சாமியாரிடம் சொல்லமாட்டார்.

"சாமி கேக்கறாரில்ல? வாயத் தொறந்து சொல்லுய்யா," என்றாள் மேஸ்திரியின் மனைவி.

இத்தனை நாள் ஊரே கேட்கக் கத்தின அம்மாவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சாமியார் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். "கிறிஸ்துமஸ் வருது. இந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மாதா கெபிக்கு முன்னால கொஞ்சம் பேர் சத்தியம் பண்ணப் போறாங்க. நீயும் வா. அந்த பாட்டிலைக் கொண்டாந்து மாதா காலடியில வெச்சிடு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் அப்பா உடைந்துபோய் உட்கார்ந்தார்.

"குடிக்காதவன் குடிய உட்டேன்னு சொன்னா பொய்தானேமே? மாதா மூஞ்சிக்கு நேரா பொய் சொல்லச் சொல்றியா?"

"இனிமே குடிக்கமாட்டேன்னு சொல்லு. அது நெசந்தானே?"

"இதுக்கு முன்னால குட்ச்சியான்னு கேட்டா?"

"கேக்கமாட்டாங்க. அதுக்குத்தான நான் ஊரு பூரா கத்தி வச்சிருக்கேன்."

அப்பா வெகுநேரம் கப்பலைத் தடவிக்கொண்டிருந்தார். போகவில்லை என்றால் ஏன் என்று மேஸ்திரி கேட்பார். உள்ளதைச் சொன்னால் வேலை போகும். அதனால் போனார்.

கல்லைக் குகை மாதிரி அடுக்கி உள்ளே மாதா சிலை வைத்திருக்கிற அந்தக் கெபிக்கு முன்னால், தூறலில் ஆண்கள் வரிசையாக மண்டி போட்டார்கள். வின்ச் ஓட்டுகிறவரும் வேடிக்கை பார்க்க வந்து தூணோரம் நின்றார். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார், இலேசான சாராய வாடையோடுதான். அப்பாவின் முறை வந்தபோது அவர் குரல் நடுங்கியது. "இனிமே என் ஆயுசுக்கும் சாராயத்தத் தொடமாட்டேன்." பொய் ஆகிவிடுமோ என்கிற பயத்தில் நடுங்கியது. பெண்களுக்கு அது மனம் திரும்பின நடுக்கமாகத் தெரிந்தது. எல்லாரையும் விட மேஸ்திரியின் மனைவிதான் அதிகம் அழுதாள். பச்சைப் பாட்டில் மற்ற பாட்டில்களோடு மாதாவின் காலடிக்குப் போயிற்று.

இப்போது வேறு ஆபத்து. அப்பா மேல் இனி ஓம வாடை வரக்கூடாது. வந்தால் சத்தியத்தை மீறிவிட்டான் என்று ஆகும். மாதாவிடம் செய்த சத்தியத்தை மீறினவனுக்கு முன்னாலோ பின்னாலோ பலகையில் நடக்க கேங்கில் ஒருத்தரும் ஒப்பமாட்டார்கள். மேஸ்திரியின் மனைவி குழாயடியில் அப்பாவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்துப் பார்ப்பதை நானே பார்த்தேன். சட்டியில் கொதித்தால் சுவருக்கு மேலே வாடை போய்விடும். அம்மா ஓமம், சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து பானைக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

"அப்ப இன்னாத்த குடிக்கறது?" என்றார் அப்பா.

"சீரகத் தண்ணி குடி. அத்த எல்லா வூட்லயும்தான் காய்ச்சறாங்க. யாரு கேப்பா?"

ஒரு சொம்புத் தண்ணீரில் ஒரு பிடி சீரகம். இலேசாகக் கொதித்து, வைக்கோல் நிறத்தில் இறங்கும். வெதுவெதுப்பாக, வாசலில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கக் குடித்தார். அப்பாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "இது இன்னாமே, வாய் கொப்பளிச்ச தண்ணி மாதிரி கீது." கூடவே இன்னொன்று நடந்தது. குடியை விட்டவன் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகக்கூடாது என்று மேஸ்திரியின் மனைவி தினமும் விடிந்ததும் சுவர்ச் சந்து வழியாக ஒரு கிண்ணம் நொய்க்கஞ்சி நீட்ட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரிந்தது கிடையாது. அப்பா வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் அப்பாவின் முழங்கால் வயிற்றை விட்டு இறங்கிவிட்டது. சுவரில் சாய்ந்தால் காலை நீட்டி உட்கார்ந்தார். பண்டிகைக் குழம்பை அவர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"பாத்தியா! சத்தியத்துக்கு எவ்ளோ சக்தி!" என்று சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

அது சத்தியமா, சீரகமா, கஞ்சியா? இப்போது எனக்கு மாத்திரை கொடுக்கிற டாக்டரம்மாவிடம், வேறு யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். வயிற்றில் புண் இருக்கும்போது வெறும் வயிற்றில் மிளகும் திப்பிலியும் குடித்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும் என்றார். அப்படியானால் அம்மா ஆசையாசையாகக் காய்ச்சிக் கொடுத்ததே அப்பாவை வதைத்திருக்கிறது. மேஸ்திரியின் மனைவி தப்பாகப் புரிந்துகொண்டு சாமியாரைக் கூட்டி வந்ததால் அது நின்றிருக்கிறது. சீரகம் புண்ணை ஆற்றியது என்று நான் சாதிக்கமாட்டேன். அது பாவம், ஒரு கெடுதலும் செய்யாமல் சும்மா இருந்தது. மற்றதெல்லாம் நிறுத்தினதற்கும் கஞ்சிக்கும் போய்ச் சேரட்டும்.

பாட்டிலை விட்டுவிட்டேனே. பள்ளிக்கூடம் போகும் வழியில் கெபியில் அதைப் பார்த்துவிட்டுப் போவேன். எங்கள் வீட்டுப் பொருள் மாதா காலடியில் இருக்கிறது என்று ஒரு பெருமை. மழை விட்ட ஒரு காலையில் போய்க் குனிந்து பார்த்தேன். எத்தனையோ பாட்டில்கள் கிடக்க, எங்கள் பாட்டிலுக்கு மட்டும் கறுப்பாக எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. கருப்பட்டி! சாராய பாட்டிலுக்கு எறும்பு வருமா? பார்க்கிறவர்கள் யோசிக்கமாட்டார்களா? பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன். அடுத்த நாள் போனால் மறுபடியும் வரிசை. மறுபடியும் துடைத்தேன்.

அப்படி ஒரு நாள் துடைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் சாமியார் நின்றார். நான் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் குனிந்து பாட்டிலை எடுத்தார். எறும்பைப் பார்த்தார். மூக்கில் வைத்து மெதுவாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"அம்மா காய்ச்சினதா?"

நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை ஆடியதா இல்லையா என்று எனக்கே தெரியாது.

அவர் கோயில் குழாயடிக்குப் போய் பாட்டிலை நன்றாகக் குலுக்கிக் கழுவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திரும்பக் கொண்டுவந்து, கப்பல் முன்னால் தெரிகிற மாதிரி வைத்தார்.

"இனிமே எறும்பு வராது. ஸ்கூலுக்கு ஓடு."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கேட்கவில்லை, மேஸ்திரியிடம் சொல்லவில்லை. ஆனால் அதற்கு அப்புறம்தான் அவர் குடிகாரர்களை எங்கள் வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார். "அவர் விட்டிருக்காரே, போய் எப்படின்னு கேளு" என்பாராம். அப்பா குடித்ததே இல்லை என்று தெரிந்துகொண்டா அனுப்பினார்? தெரிந்ததால்தான் அனுப்பினாரா? கேட்டிருக்கலாம். நான் யாரிடம் என்ன கேட்டிருக்கிறேன்! கெபிக்குப் பிற்பாடு ஓடு பதித்தபோது பாட்டில்களை எங்கேயோ அள்ளிப் போட்டுவிட்டார்கள். பழைய சாமான் கடையைத் தாண்டும்போது இன்றைக்கும் என் கண் பச்சைக் கண்ணாடியைத் தேடும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் அந்த வின்ச் ஓட்டுகிறவர். வாசலில் நின்று, "எப்டி நைனா உட்டே? கை நடுங்குது, வயிறு பத்தி எரியுது. சாயங்காலமானா கால் தானா கடைக்குப் போவுது" என்றார். அப்பாவுக்கு என்ன தெரியும்? தன்னிடம் இருந்த ஒரே நிஜத்தைச் சொன்னார்: "காலையில கஞ்சி குடிக்காம கெளம்பாத. சாயங்காலம் கால் அந்தப் பக்கம் போச்சுன்னா இங்க வா. சீரகத் தண்ணி வச்சிகினு ஒக்காந்திருக்கேன்." அவர் வந்தார். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், ஆளுக்கு ஒரு டம்ளர் வைக்கோல் நிறத் தண்ணீரைக் குடிப்பார்கள்.

அப்பா தலை நரைத்த பிறகுதான் இறந்துபோனார், வயிற்று நோவால் இல்லை. அன்றைக்கு வின்ச் ஓட்டுகிறவர் கோலூன்றிக்கொண்டு வந்தார். சவப்பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

"இவ்ளோ குட்ச்ச மனுசனே உட்டாரேன்னுதான் நானும் உட்டேன். இல்லன்னா என் பொண்டாட்டி புள்ளைங்க எப்பவோ…" பிறகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். "இங்க சில பேரு, அவரு அப்டி ஒண்ணும் குடிக்கலன்னு சொல்றாங்க. நெசமா யக்கா?"

மேஸ்திரி போய் வெகுகாலமாகிவிட்டது. அப்பாவின் வேலைக்கு இனி ஒன்றும் ஆகாது. உள்ளதைச் சொல்லி, என் அப்பா ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று எல்லோர் முன்னாலும் பேர் வாங்கிக்கொடுக்கிற நேரம் அதுதான். நான் அம்மாவையே பார்த்தேன்.

அம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். சுவரின் மேல் சந்தைப் பார்த்து, பழைய குரலை எங்கிருந்தோ எடுத்தாள்.

"எவன்யா சொன்னவன்? நீ குட்ச்சதெல்லாம் ஒரு குடியா? இந்தாளு குட்ச்ச குடிக்கு இந்த வூடே மொதந்துச்சு! இதோ ஒக்காந்துகினு கீறாங்களே மேஸ்திரி வூட்டம்மா, அவுங்களக் கேளு!"

"ஆமாய்யா," என்றாள் மேஸ்திரியின் கிழ மனைவி, மார்பில் அடித்துக்கொண்டு. "நான் தெனோம் கேட்டேனே!"

வின்ச் ஓட்டுகிறவர் நிம்மதியாக அழ ஆரம்பித்தார். பிறகு அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.